பாம்பா, மீனா? ஆழ்நீர்ப் பாம்பு விலாங்கும் அதனை அடையாளம் காணும் முறையும்

2017ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாத இறுதியில் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தை ஹார்வி சூறாவளி தாக்கியது. அதன் பின்னர், கரையோரப் பறவைகளின் வாழிடங்களுக்கு ஏற்பட்ட சேதத்தைப் பார்வையிடச் சென்ற பறவைப் பாதுகாப்புச் சங்க ஊழியர் ஒருவர், டெக்சாஸ் சிற்றி என்னும் நகரின் கடற்கரையில் விசித்திரமான உடலொன்றைக் கண்டார். நீண்டு உருண்ட உடல். கண்கள் இருந்த இடம் தெரியவில்லை. திறந்த வாயில் ஊசிகளைப் போன்ற பற்கள். பாம்பா, மீனா, வேறெதுவுமா என்று தெரியாத நிலையில் அவர் அதன் புகைப்படங்களை இணையத்தில் வெளியிட்டு, அறிந்தவர்கள் கூறுமாறு கேட்டார். சில நாட்களுக்குள் அப்படங்கள் 'கடல் அரக்கன்' என்ற தலைப்புடன் உலகின் பல பத்திரிகைகளில் இடம்பிடித்தன.

விலாங்கின மீன்களை ஆராய்வதில் தேர்ந்தவரான கென்னத் டை அப்படங்களைப் பார்த்துத் தம் கருத்தைத் தெரிவித்தார். அது பெரும்பாலும் 'கோரைப்பல் பாம்பு விலாங்கு' என்பதே அவரது கணிப்பாகும். அவ்வளவில் அவர் நிறுத்திக்கொள்ளவில்லை. பெரிய கோரைப் பற்களையுடைய வேறு இரு விலாங்கினங்களும் டெக்சாஸ் கடற்பரப்பில் உள்ளன என்றும், அது அவற்றுள் ஒன்றாகவும் இருக்கலாம் என்றும் அவர் சேர்த்துச் சொன்னார். அரக்கன் என்று உலகம் கூவிக்கொண்டிருந்தபோது, அத்துறையை நன்கறிந்த ஒருவர் 'பெரும்பாலும்' என்ற சொல்லைப் பயன்படுத்தினார். அந்த ஒரு சொல்லுக்குப் பின்னால் எத்தகைய அறிவு இருக்கின்றது என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும். அது அமெரிக்கக் கடற்கரையோடு முடிந்துவிடும் விடயமுமன்று. பாம்பையும் மீனையும் பிரித்தறிவது, கடலை நம்பி வாழும் எம்மவர் பலருக்கு உயிரோடு தொடர்புடைய விடயமாகும்.

மூன்று மொழிகள், ஒரே உவமை

பாம்பு விலாங்குகள் மீன்களே. அவை பூக்கள் எனப்படும் செவுள்களால் நீரிலேயே சுவாசிக்கின்றன. விலங்கியலாளர் இவற்றை 'ஓபிக்திடே' என்ற குடும்பத்தில் அடக்குவர். பாம்பு என்ற பொருளுடைய கிரேக்கச் சொல்லும் மீன் என்ற பொருளுடைய கிரேக்கச் சொல்லும் இணைந்து பிறந்த பெயர் அது. விலாங்கைக் குறிக்கும் பாரசீகச் சொல்லான 'மார்மாஹி' என்பதும் அவ்வாறே 'பாம்பு மீன்' என்று பொருள்படும். தமிழிலும் இத்தகைய மீன்களைப் பாம்பு மீன் என்று அழைப்போர் உளர். ஒன்றோடொன்று தொடர்பின்றியே மூன்று மொழிகளின் மக்களும் ஒரே உவமையை எட்டியிருக்கிறார்கள். உருவம் அவ்வளவு தூரம் பாம்பை ஒத்திருக்கின்றது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

இக்குடும்பத்தில் 300இற்கும் அதிகமான இனங்கள் உள்ளன. விலாங்கு வருணத்தில் மிகப் பெரிய குடும்பங்களுள் இதுவும் ஒன்று. முழங்காலளவு நீரில், கடற்புற்களுக்கிடையில் வாழ்பவையும் இவற்றில் உண்டு. வெளிச்சம் எட்டாத ஆழத்துச் சேற்றில் புதைந்து வாழ்பவையும் உண்டு. கழிமுகங்களிலும் வயல்சார்ந்த நீர்நிலைகளிலும் காணப்படும் இனமொன்றை, கங்கை நதியின் மீன்களை ஆராய்ந்த பிரான்சிஸ் ஹமில்டன் 1822ஆம் ஆண்டிலேயே விபரித்தார். அந்த இனம் இலங்கையிலும் பதிவாகியுள்ளது.

நாற்பத்தைந்து ஆண்டுகளுக்கு முன்னர் பெயர் பெற்ற அரசன்

ஆழ்நீர்ப் பாம்பு விலாங்குகளுக்கு எடுத்துக்காட்டாகக் கொள்ளத்தக்கது, மெக்சிக்கோ வளைகுடாவில் வாழும் 'அரச பாம்பு விலாங்கு' ஆகும். அதன் விஞ்ஞானப் பெயர் ஓபிக்தஸ் றெக்ஸ். றெக்ஸ் என்னும் இலத்தீன் சொல்லுக்கு அரசன் என்பது பொருள். 1980ஆம் ஆண்டில் போல்கே, கரூசோ என்னும் இரு அமெரிக்க ஆய்வாளர்கள் அதனைப் புதிய இனமாக விபரித்துப் பெயரிட்டனர்.

இந்த மீன் 2 மீற்றருக்கும் மேல் வளரக்கூடியது. 23 கிலோவுக்கும் அதிகமான எடையுடைய ஒன்று தூண்டிலில் பிடிபட்டுள்ளது. சுமார் 15 மீற்றர் முதல் 366 மீற்றர் வரையிலான ஆழத்தில் இது வாழ்கின்றது. வெளிறிய மண்ணிற உடலில், முதுகிலிருந்து விலாவை நோக்கி இறங்கும் அகன்ற கரும்பட்டைகள் வரிசையாக அமைந்திருக்கும். உடல் தடித்து உருண்டது. செதில்கள் இல்லை. தலைக்குப் பின்னால் இரு புறமும் நன்கு வளர்ந்த நெஞ்சுச் செட்டைகள் உண்டு. வால் நுனியோ செட்டையின்றி, கூர்மையாகவும் கடினமாகவும் இருக்கும்.

மனிதனைவிட நீண்டு வளரும் மீனொன்று, பல்கலைக்கழகங்களும் நூதனசாலைகளும் எண்ணெய்க் கிணறுகளும் நிறைந்த ஒரு வளைகுடாவில், 1980 வரை விஞ்ஞானப் பெயரின்றி வாழ்ந்தது எங்ஙனம்? விடையை ஊகிப்பது கடினமன்று. அது சேற்றிலே வளை தோண்டிப் புதைந்திருக்கும் மீன். வலையில் எளிதில் அகப்படாது. வேறு மீன்களுக்காக ஆழத்தில் இடப்பட்ட தூண்டிலிலேயே பெரும்பாலும் அகப்படும். மேலே வந்ததும் அது பாம்பென்றோ பயனற்றதென்றோ கருதப்பட்டு, தூண்டிற் கயிறு அறுக்கப்படும். காண்பவர்கள் பலராயினும், எடுத்துச் சென்று ஆராய்பவர் இல்லையெனில் ஓர் உயிரினம் அறிவுலகுக்குத் தெரியாமலே இருந்துவிடும். மீனவர் அறிந்ததும் ஆய்வாளர் அறிந்ததும் சந்திக்காத இடத்தில் இத்தகைய வெற்றிடங்கள் தோன்றுகின்றன.

ஆய்வாளர் எதைப் பார்க்கிறார்?

ஒரு பாம்பு விலாங்கை அடையாளம் காண்பதற்கு ஆய்வாளர் கையாளும் முறை படிப்படியானது. முதலில் அது எந்தக் குடும்பத்தைச் சேர்ந்தது என்பது தீர்மானிக்கப்படும். அதற்குப் பின்னரே இனம் எதுவென்ற வினா எழுகின்றது.

குடும்பத்தை அறிவதற்கு மிக எளிய அடையாளம் வால் நுனியாகும். கொங்கர் விலாங்கிலும் அஞ்சாலை எனப்படும் மோறே விலாங்கிலும் முதுகுச் செட்டை, வாலைச் சுற்றி வந்து குதச் செட்டையோடு ஒன்றாகக் கலந்துவிடும். பாம்பு விலாங்கில் அவ்வாறில்லை. செட்டைகள் நுனிக்கு முன்னரே முடிந்துவிட, வால் முளையைப் போலக் கூர்த்து நிற்கும். ஆயினும் இக்குடும்பத்தின் இன்னொரு பிரிவான புழு விலாங்குகளில், வால் நுனியிலும் மெல்லிய செட்டை காணப்படும். எனவே வாலை மட்டும் நம்பி முடிவுகட்ட இயலாது.

இரண்டாவது அடையாளம் மூக்குத் துவாரம். மீனுக்கு ஒவ்வொரு பக்கத்திலும் இரண்டு மூக்குத் துவாரங்கள் உண்டு. பாம்பு விலாங்குகளில் பெரும்பாலானவற்றின் பின்துவாரம் மேலுதட்டிலேயே அமைந்திருக்கும் அல்லது வாயின் உட்புறமாகத் திறக்கும். மற்றைய விலாங்குகளில் அது பொதுவாகக் கண்ணுக்கு அருகே இருக்கும்.

மூன்றாவது, தொண்டை. இக்குடும்பத்தின் தனிச்சிறப்பு அங்கேதான் உள்ளது. தொண்டையின் இரு புறங்களிலுமிருந்து மயிரிழை போன்ற மெல்லிய எலும்புக் கீற்றுகள் பல வளைந்து வந்து, நடுவில் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்து, கூடைப் பின்னலைப் போன்ற அமைப்பை உருவாக்குகின்றன. இது வெளியிலிருந்து பார்ப்பவருக்கு எளிதில் தென்படாது. புகைப்படத்தில் தென்பட வாய்ப்பே இல்லை எனலாம்.

குடும்பம் உறுதியானதும் இனத்தைத் தேடும் பணி தொடங்கும். நெஞ்சுச் செட்டை உண்டா, இல்லையா? முதுகுச் செட்டை எங்கே ஆரம்பிக்கின்றது? செவுட்துவாரத்துக்கு முன்னரா, நேர் மேலேயா, பின்னரா? பற்கள் கூரியவையா, அன்றி நண்டின் ஓட்டை நொறுக்குவதற்கேற்ற மழுங்கிய மணிகள் போன்றவையா? அவை எத்தனை வரிசையில் உள்ளன? தலையிலுள்ள நுண்துளைகள் எவ்வாறு அமைந்துள்ளன? உடலோடு ஒப்பிடும்போது வாலின் நீளம் என்ன? இவ்வினாக்களுக்கான விடைகள் ஒன்றுசேர்ந்தே ஓர் இனத்தின் உருவத்தைத் தருகின்றன.

இவையனைத்துக்கும் மேலாக ஆய்வாளர் நம்புவது முள்ளந்தண்டென்புகளின் எண்ணிக்கையையாகும். மீனை எக்ஸ்-கதிர்ப் படம் எடுத்து, முதுகுச் செட்டை தொடங்கும் இடம் வரை எத்தனை என்புகள், குதம் வரை எத்தனை, மொத்தம் எத்தனை என்று எண்ணுவர். பல மாதிரிகளிலிருந்து பெற்ற இம்மூன்று எண்களின் சராசரி, ஓர் இனத்தின் அடையாள அட்டை போன்றது. நிறம் மங்கும், உடல் சுருங்கும், கரையொதுங்கிய உடலில் கண்ணும் தோலும் அழிந்துபோகும். என்புகளின் எண்ணிக்கை மட்டும் மாறுவதில்லை.

டெக்சாஸ் கரையில் கிடந்த உடலைப் பற்றிக் 'பெரும்பாலும்' என்று கூறப்பட்டதன் பொருள் இப்போது புலனாகும். கோரைப்பல் பாம்பு விலாங்கு 1956ஆம் ஆண்டில் பெயரிடப்பட்டது. சுமார் 30 முதல் 90 மீற்றர் வரையிலான ஆழத்தில் வாழ்வது. பெரிய பற்கள் அதற்குரிய அடையாளமே. ஆனால் அப்பற்கள் அதற்கு மட்டும் உரியவையல்ல. தொண்டையையும் என்புகளையும் பார்க்காமல் படத்தை மட்டும் பார்த்தவர், படம் அனுமதிக்கும் அளவுக்கே பேசினார்.

பின்னோக்கித் தோண்டும் மீன்

பாம்பு விலாங்கின் உருவம் அதன் வாழ்க்கை முறையிலிருந்து பிறந்தது. கடினமான வால் நுனியை மணலிலோ சேற்றிலோ குத்தி, பின்னோக்கியே அது புதைந்துகொள்ளும். பின்னர் தலையை மட்டும் வெளியே வைத்து, அருகில் வரும் சிறு மீனுக்கோ நண்டுக்கோ காத்திருக்கும். செதில் இல்லாத வழுவழுப்பான உடலும், தாழ்ந்த செட்டைகளும் இதற்கு வசதியானவை.

இந்த வாலின் வலிமை வியப்புக்குரியது. பெரிய மீனொன்று பாம்பு விலாங்கை உயிருடன் விழுங்கிவிட்டால், அது இரைப்பையின் சுவரைத் துளைத்துக்கொண்டு வெளியேற முயல்வதுண்டு. ஆனால் அது சென்றடைவது கடலையன்று, விழுங்கிய மீனின் உடற்குழியையே. அங்கே அது இறந்து, உலர்ந்து, மெல்லிய சவ்வினால் மூடப்பட்டுக் கிடக்கும். பெரிய மீன்களை வெட்டும்போது குடலுக்கு வெளியே, உடற்குழிக்குள் பாம்பு போன்ற உருவமொன்று சுருண்டு கிடப்பதைக் கண்டு திகைத்தவர்கள் உலகின் பல பாகங்களிலும் உள்ளனர். அது ஒட்டுண்ணியுமன்று, பாம்புமன்று.

இதன் குஞ்சுப் பருவமும் மயக்கத்தை ஏற்படுத்தவல்லது. விலாங்கினங்களின் குடம்பிகள் கண்ணாடி போலத் தெளிவாக, இலை போலத் தட்டையாக இருக்கும். அவை வளர்ந்த மீனைச் சற்றும் ஒத்திருப்பதில்லை. நெடுங்காலம் அவை தனியொரு மீன் சாதி என்றே கருதப்பட்டன. 1896ஆம் ஆண்டில்தான் இத்தாலிய ஆய்வாளர்களான கிராசியும் கலண்ட்ரூச்சியோவும், அவற்றுள் ஒன்று ஐரோப்பிய விலாங்கின் குடம்பியே என்று நிறுவினர்.

உயிரோடு தொடர்புடைய வேறுபாடு

இனி எமது கரைக்கு வருவோம். செங்கடல் முதல் பசிபிக் வரை பரந்து வாழும் பாம்பு விலாங்கினம் ஒன்று, வெள்ளுடலில் கரிய வளையங்களைக் கொண்டது. கொடிய விஷமுள்ள வரிக் கடற்பாம்பின் தோற்றத்தை அது அப்படியே ஒத்திருக்கின்றது. விஷமற்ற மீன் விஷப் பாம்பின் வேடத்தில் உலவுவதால், பகைவரிடமிருந்து தப்பிக்கொள்கின்றது. வேடம் மீன்களை ஏமாற்றுமாயின், அவசரத்தில் வலையை உதறும் மனிதரையும் ஏமாற்றும். விலாங்கைப் பாம்பென்று எண்ணினால் ஒரு மீன் வீணாகும். பாம்பை விலாங்கென்று எண்ணினால் ஓர் உயிர் போகும்.

பார்த்த அளவில் வேறுபாட்டை அறிய உதவும் அடையாளங்கள் சில உண்டு. விலாங்கின் தலைக்குப் பின்னால் செவுட்துவாரம் இருக்கும். பாம்புக்கு அது ஒருபோதும் இல்லை. பாம்பின் உடலைச் செதில்கள் மூடியிருக்கும். பாம்பு விலாங்கின் உடல் வழுவழுப்பானது. பாம்புக்குச் செட்டைகள் இல்லை, நாக்கு பிளவுபட்டது. கடற்பாம்பின் வால் துடுப்பைப் போலப் பக்கவாட்டில் தட்டையானது. பாம்பு விலாங்கின் வால் கூரியது. கடற்பாம்பு மூச்செடுக்க நீர்மட்டத்துக்கு வந்தாக வேண்டும். விலாங்குக்கு அத்தேவை இல்லை. எனினும் கொங்கர் போன்ற விலாங்குகளின் வாலும் தட்டையாக இருக்கும். செட்டைகளே இல்லாத பாம்பு விலாங்கினங்களும் உள்ளன. ஆதலால் ஓர் அடையாளத்தை மட்டும் கொண்டு தீர்மானிப்பது ஆபத்தானது. ஐயம் இருப்பின் அதனைப் பாம்பென்றே கொள்ளவேண்டும். அடையாளம் பார்ப்பதற்காகக் கையில் எடுப்பது கூடவே கூடாது.

இலங்கைக் கடல்களில் காணப்படும் கடற்பாம்புகளுள், வளைந்த மூக்குடைய இனமொன்று மிகவும் அஞ்சத்தக்கது. ஆங்கில நூல்களிலேயே அதற்கு 'வலக்கடியன்' என்ற தமிழோசை மாறாத பெயரொன்றும் வழங்குகின்றது. 2014ஆம் ஆண்டில் வெளியான மருத்துவ ஆய்வுக் கட்டுரையொன்று, கடுமையாகப் பாதிக்கப்பட்ட மூவரின் நோய் வரலாற்றை விபரித்து, இதனை இலங்கையின் மிக அபாயகரமான கடற்பாம்பு என்று குறிப்பிட்டது.

இதன் கடி பெரும்பாலும் வலியற்றது. அதுவே அதன் ஆபத்து. முள் குத்தியது என்றெண்ணித் தொழிலைத் தொடர்பவருக்கு, சில மணித்தியாலங்களுக்குள் உடல் முழுவதும் தசைவலியும் விறைப்பும் ஏற்படும். தசைகள் சிதைவதனால் சிறுநீர் கருஞ்சிவப்பாகும். சிறுநீரகங்கள் செயலிழக்கலாம், சுவாசமும் தடைப்படலாம். இலங்கையில் பயன்பாட்டிலுள்ள இந்தியத் தயாரிப்பான பொது விஷமுறிவு மருந்து நாகம், கட்டு விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் விஷத்துக்கு எதிராகத் தயாரிக்கப்பட்டதாகும். கடற்பாம்பின் விஷம் அதில் அடங்குவதில்லை. எனவே சிகிச்சை பெரிதும் சிறுநீரகத்தையும் சுவாசத்தையும் காப்பதிலேயே தங்கியுள்ளது. காலதாமதம் ஆகாது. கடிபட்ட இடத்தைக் கீறுவதும், இறுகக் கட்டுவதும், விஷத்தை உறிஞ்ச முயல்வதும் தவிர்க்கப்பட வேண்டியவை. கடிபட்ட அவயவத்தை அசையாமல் வைத்து, வலியில்லை என்று ஆறுதல் கொள்ளாமல் உடனடியாக வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்வதே செய்யவேண்டியது.

உணவும் அடையாளமும்

மீனா, அன்றா என்ற வினா உண்போருக்கும் உரியது. இஸ்லாமிய சட்ட மரபுகளுள் ஷாபிஈ மத்ஹப் கடலுணவு விடயத்தில் பரந்த அனுமதியை வழங்குகின்றது. ஹனபி மத்ஹபோ நீர்வாழ்வனவற்றுள் மீனை மட்டுமே அனுமதிப்பது. அம்மரபின் நூல்கள் மார்மாஹியையும் மீனாகவே கொண்டு அனுமதித்துள்ளன. பெயரில் பாம்பு இருப்பினும் இயல்பில் மீன் என்பதைக் கண்டுகொண்ட தீர்ப்பு அது. செதில் உண்டா என்பதை அளவுகோலாகக் கொள்ளும் மரபுகளும் உள்ளன. அவற்றின் முடிவு வேறு. இவற்றுக்குத் தீர்ப்புக் கூறும் தகுதி உலமாக்களுக்கே உரியது. அவர்கள் முன் வைக்கப்படும் உயிரினம் எதுவென்று சரியாகக் கூறும் கடமை மட்டுமே விலங்கியலுக்கு உண்டு.

சேற்றுக்குள் இருக்கும் செல்வம்

ஆழ்நீர்ப் பாம்பு விலாங்கு சந்தையில் பெரிய விலை பெறும் மீனன்று. எனினும் கடலடிச் சேற்றைக் கிளறி வாழும் உயிரினங்கள் அனைத்துக்கும் கடலின் உணவுச் சங்கிலியில் இடமுண்டு. கடலடியை வாரிச் செல்லும் இழுவைமடித் தொழில் இலங்கையில் 2017ஆம் ஆண்டின் சட்டத் திருத்தத்தின் மூலம் தடைசெய்யப்பட்டது. வடபுலக் கடற்றொழிலாளர்கள் அத்தொழிலுக்கு எதிராக நீண்டகாலமாகக் குரல் கொடுத்து வருவது, தமது வலைகளும் மீன்களும் இழக்கப்படுவதனால் மட்டுமன்று. மடி கடந்து சென்ற இடத்தில் வளைகளும் இல்லை, வளையில் வாழ்ந்தவையும் இல்லை என்பதை அவர்கள் கண்கூடாகக் கண்டவர்கள்.

எமது கடலில் என்ன உண்டு என்பதை அறியும் முயற்சிகளும் அடிக்கடி நிகழ்வனவல்ல. நோர்வேயின் நான்சன் ஆய்வுக் கப்பல் 1978க்கும் 1980க்கும் இடையில் இலங்கைக் கடற்பரப்பை ஆராய்ந்தது. அதே பெயருடைய புதிய கப்பல் மீண்டும் வந்தது 2018ஆம் ஆண்டில். இடையில் கழிந்தவை ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள். ஒரு தலைமுறை மீனவர் கடலுக்குச் சென்று ஓய்வு பெறும் காலம் அது. அக்காலம் முழுவதும் ஒவ்வொரு நாளும் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் கரைவலை இழுத்தவரும் தூண்டில் போட்டவருமே. அவர்கள் அறிந்த பெயர்களும், அவர்கள் வீசியெறிந்த மீன்களும் எந்தப் பதிவேட்டிலும் ஏறவில்லை.

அரச பாம்பு விலாங்கு 1980 வரை பெயரின்றி இருந்த கதை எமக்குக் கூறும் பாடம் இதுவே. வலையில் அறியாத மீனொன்று வந்தால், அளவு தெரியும்படி அருகில் ஒரு பொருளை வைத்து, தலையையும் வால் நுனியையும் தனித்தனியே படமெடுத்து, பிடிபட்ட இடத்தையும் ஆழத்தையும் குறித்து, அருகிலுள்ள கடற்றொழில் பரிசோதகரிடமோ பல்கலைக்கழகத்திடமோ கையளிப்பதற்கு இன்று பெருஞ்செலவு எதுவும் இல்லை. கையடக்கத் தொலைபேசி எல்லோரிடமும் உண்டு. அதனைக் கொண்டு அரக்கன் ஒன்று கரையொதுங்கியது என்ற வதந்தியையும் பரப்பலாம். ஓர் இனத்தின் முதற் பதிவையும் உண்டாக்கலாம். அதிகாரிகளும் கல்விமான்களும் அவ்வாறு வரும் தகவலை அலட்சியம் செய்யாது ஏற்று, விடையளிக்கும் வழக்கத்தை ஏற்படுத்துவார்களாயின், மீனவரின் அறிவும் ஆய்வாளரின் அறிவும் ஒரே பதிவேட்டில் இடம்பெறும்.